ஏரி ஐஸ் மக்கர் செய்தால்: மீன்பிடிக்கப் போகிறவர்களுக்கு அறிகுறிவாரியாக ஒரு வழிமுறை

உறைந்த ஏரியின் ஐஸில் துளை போட்டுத் தூண்டில் விடும் குளிர்கால மீன்பிடிப்புக்குப் புதிதாக வருகிறவர்கள் முதலில் கேட்பது, "ஏரியில் ஐஸ் எத்தனை அங்குலம்?" என்றுதான். ஏரிக்கென்று ஒரு தடிமன் கிடையாது. துளை போட்ட இடத்துக்குத்தான் தடிமன். இருபதடி தள்ளிப் போனால் அது பாதியாக இருக்கலாம். அதனால் அளவில் தொடங்காமல், ஐஸ் மேல் நிற்கும்போது கண்ணிலும் காதிலும் காலிலும் தட்டுப்படுகிற அறிகுறிகளில் தொடங்குகிறேன். உங்களுக்கு எது நடக்கிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம். ஒவ்வொன்றிலும் சாதாரணக் காரணம் முதலில் வரும், ஆளையோ வண்டியையோ பறிக்கக்கூடிய காரணம் பிறகு வரும்.

யாராவது ஏற்கெனவே தண்ணீருக்குள் விழுந்துவிட்டிருந்தால் மற்றதையெல்லாம் விட்டுவிட்டு அவசர எண்ணை அழையுங்கள், பிறகு கடைசித் தலைப்பைப் பாருங்கள்.

## கையில் இருக்க வேண்டியவை, மனதில் இருக்க வேண்டிய அளவுகள்

கனமான கடப்பாரை ஒன்று. கைத்துளைப்பானோ மோட்டார் துளைப்பானோ, ஏதோ ஒன்று. முனையில் கொக்கி உள்ள அளவுகோல். துளைக்குள் விட்டு ஐஸின் அடிவிளிம்பில் மாட்டி இழுத்தால் தடிமன் தெரியும். கழுத்தில் தொங்கும் ஒரு ஜோடி மீட்பு ஊசிகள், அதாவது கைப்பிடியில் கூர்மையான ஆணி வைத்தவை. மிதக்கும் உடை அல்லது லைஃப் ஜாக்கெட், பதினைந்து மீட்டராவது நீளமுள்ள கயிறு, விசில், தண்ணீர் புகாத உறையில் போன். மீட்பு ஊசியைப் பைக்குள் வைத்திருப்பதும் வீட்டில் வைத்திருப்பதும் ஒன்றுதான். அது கழுத்தில்தான் இருக்க வேண்டும்.

பொதுவாகப் புழங்கும் அளவுகள் இவை. புதிதாக உறைந்த தெளிவான ஐஸாக இருந்தால், ஆள் நடக்கக் குறைந்தது 10 செ.மீ.; 15 செ.மீ. வேண்டும் என்று சொல்கிற மீட்பு அமைப்புகளும் உண்டு, கூட்டமாகப் போகும்போது நானும் அதையே பிடித்துக்கொள்வேன். ஸ்னோமொபைலுக்கு, அதாவது பனியில் ஓட்டும் மோட்டார் வண்டிக்கு, 13 முதல் 18, அதிலும் 25 வரை கேட்பவர்கள் உண்டு. சிறிய காருக்கு 25 முதல் 30, பெரிய பிக்கப் வண்டிக்கு 35 முதல் 40. பனி கலந்து உறைந்த வெள்ளை ஐஸ் என்றால் இவற்றை இரட்டிப்பாக்குங்கள்.

இந்த எண்களுக்குப் பின்னால் கனடாவின் தேசிய ஆராய்ச்சிக் குழுவில் பணியாற்றிய லோர்ன் கோல்ட் 1971-இல் வெளியிட்ட கணக்கு இருக்கிறது: தடிமனைச் செ.மீ.-இல் எடுத்து, அதே எண்ணால் பெருக்கி, மறுபடி 3.5-ஆல் பெருக்கினால், தாங்கும் எடை கிலோவில் வரும். 10 செ.மீ. என்றால் 350 கிலோ. 5 செ.மீ. என்றால் 175 அல்ல, 87 கிலோதான். பூட்ஸும் சாமானுமாக ஒரு ஆள் சுலபமாக அந்த எடை வந்துவிடுவார். தடிமன் பாதியானால் பலம் கால்வாசியாகிறது. ஏரியில் நடக்கும் முக்கால்வாசி அசம்பாவிதத்தை இந்த ஒரு வரியில் அடக்கிவிடலாம்.

## அறிகுறி: கடப்பாரை ஒரே குத்தில் உள்ளே போகிறது

நடக்கும்போது இரண்டு மூன்று அடி முன்னால் ஓங்கிக் குத்திக்கொண்டே போக வேண்டும். ஒரே குத்தில் முனை கீழே இறங்கினால் அங்கே 5 செ.மீ. சுற்றித்தான் இருக்கும். நிற்க வேண்டாம். வந்த காலடித் தடத்திலேயே, காலைத் தூக்காமல் தேய்த்துத் தேய்த்துப் பின்வாங்குங்கள். காரணத்தைப் பிறகு யோசிக்கலாம்.

கரையோரம் மட்டும் என்றால்: வெயிலில் மண்ணும் பாறையும் சூடேறி ஓரத்தை உருக்கியிருக்கும். படகுத்துறையின் கால்களைச் சுற்றியும், ஐஸைத் துளைத்து நிற்கும் நாணல், மரக்கட்டை பக்கத்திலும் இதே கதைதான். வேறொரு இடத்தில் இறங்கிப் பாருங்கள். ஓரத்தைத் தாண்டியதும் நான்கைந்து குத்து தாங்கினால் சரி.

மேலே பனி குவிந்திருந்தால்: காற்று அடித்துச் சேர்த்த பனிமேடு குளிரை உள்ளே விடாது. பக்கத்தில் வெறுமனே கிடக்கும் ஐஸ் 20 செ.மீ. இருக்க, மேட்டுக்கு அடியில் 8 செ.மீ. இருக்கலாம். பனியைக் காலால் விலக்கிவிட்டு வெறும் ஐஸில் குத்துங்கள். பனி மேலேயே குத்தி, "தாங்குது" என்று சொல்கிறவரோடு நான் போவதில்லை.

நீர்ச்செடிப் படுகைக்கு மேல்: செடி அழுகி வாயு கிளம்பும். ஐஸுக்குள் வெள்ளை வெள்ளையாக அடுக்கிய குமிழிகள் தெரிந்தால் அதுதான். அந்த இடத்தைச் சுற்றிப் போங்கள்.

ஓடை கலக்கும் இடம், ஏரி வழியும் இடம், இரண்டு கரையும் நெருங்கும் குறுகல், பாலத்தடி, அடியில் ஊற்று உள்ள இடம்: இங்கே ஓடும் தண்ணீர் கீழிருந்து அரித்துக்கொண்டே இருக்கும். எத்தனை நாள் குளிர் அடித்தாலும் திருந்தாது. காற்றூட்டும் குழாய் போட்ட ஏரியிலும், நீர்ப்பறவைகள் கூட்டமாகத் தங்கிக் கலக்கிய இடத்திலும் இதே நிலைதான். கோடையில் அந்த ஏரியைப் பார்த்திராதவர் வரைபடத்தில் பார்த்தாவது இந்த இடங்களைக் குறித்துக்கொண்டு போக வேண்டும்.

எங்கே குத்தினாலும் ஒரே குத்தில் இறங்குகிறது என்றால் ஏரி இன்னும் தயாராகவில்லை. பிரச்சினை அதோடு முடிந்தது, வீட்டுக்குப் போகலாம்.

## அறிகுறி: துளைக்குத் துளை தடிமன் மாறுகிறது

கொஞ்சம் மாறுவது இயல்பு. முதல் துளை 18, அடுத்தது 16, அப்புறம் 17 என்றால் கவலையில்லை. 18, 14, 9 என்று ஒரே திசையில் இறங்கிக்கொண்டே போனால் நீங்கள் எதையோ நோக்கி நடந்துகொண்டிருக்கிறீர்கள்: ஊற்று, நீரோட்டம், அல்லது கடைசியாக உறைந்த நடு ஏரி. பெரிய ஏரிகளில் நடுப்பகுதி காற்றுக்கு அலையடித்துக்கொண்டு கரையைவிட ஒன்றிரண்டு வாரம் தாமதமாகக்கூட உறையும். பழைய ஐஸுக்கும் புதிய ஐஸுக்கும் நடுவில் உள்ள எல்லை, மேலே பனி விழுந்த பிறகு கண்ணுக்கே தெரியாது.

முதல் துளையைக் கரைக்குப் பக்கத்தில் போட்டு, அதன் பிறகு ஐம்பது மீட்டருக்கு ஒன்று போதும். நடுவே கடப்பாரை சொல்லும். நிறம் மாறினாலோ பனி ஆழம் மாறினாலோ ஐம்பது மீட்டர் வரும்வரை காத்திருக்காமல் அங்கேயே போடுங்கள். மோட்டார் துளைப்பான் வந்த பிறகு பலர் கடப்பாரையைக் கைவிட்டுவிட்டார்கள். நிமிஷத்தில் துளை விழும், உண்மைதான். ஆனால் துளைக்குத் துளை நடுவிலுள்ள ஐம்பது மீட்டரைப் பற்றி மோட்டார் ஒன்றும் சொல்லாது.

நேற்றைய காலடித் தடம், வண்டித் தடம், தூரத்தில் நிற்கும் கூடாரம் இவையெல்லாம் சோதனை ஆகாது. அந்த வண்டி நேற்று எப்படித் திரும்பிப் போனது என்பது தடத்தில் எழுதியிருப்பதில்லை.

## அறிகுறி: ஐஸ் வெள்ளையாக, சாம்பலாக, அல்லது அடுக்கடுக்காக இருக்கிறது

துளைப்பான் வெளியே தள்ளும் துருவலை மட்டும் பார்த்து நிறத்தை முடிவு செய்ய முடியாது. துருவினால் எல்லாமே வெள்ளைதான். துளையின் உட்சுவரைப் பாருங்கள். முடிந்தால் கடப்பாரையால் ஒரு துண்டு பெயர்த்து வெளிச்சத்தில் பிடியுங்கள்.

தெளிவாகவோ கருநீலமாகவோ இருந்தால் தண்ணீர் நேராக உறைந்த ஐஸ். இதைத்தான் முழு அளவாக எண்ண வேண்டும். பால் மாதிரி வெள்ளை என்றால் பனியும் தண்ணீரும் கலந்து உறைந்தது, உள்ளே காற்று அடைந்திருக்கும், பாதி மதிப்புதான். 8 செ.மீ. தெளிந்த ஐஸுக்கு மேல் 6 செ.மீ. வெள்ளை ஐஸ் இருந்தால், கணக்கில் 14 அல்ல, 11.

அடுக்குகளுக்கு நடுவே தண்ணீரோ காற்றோ இருந்தால்? துளைப்பான் திடீரென்று லேசாகி, அரை விநாடி கழித்து மறுபடி கடிப்பதிலிருந்து இது கைக்கே தெரியும். அப்போது மேலடுக்கை எண்ணவே வேண்டாம். கீழே உள்ள கெட்டி அடுக்கை மட்டும் அளந்து முடிவெடுங்கள். இரண்டையும் கூட்டிப் போட்டு மனதைத் தேற்றிக்கொள்வது ரொம்பச் சாதாரணமாக நடக்கிற தவறு.

சாம்பல் நிறம் என்றால் ஐஸுக்குள் ஈரம் ஊறியிருக்கிறது. அதற்குச் சோதனை கிடையாது. திரும்பிவிடுங்கள்.

## அறிகுறி: ஐஸ் சத்தம் போடுகிறது

புதியவர்களை அதிகம் விரட்டுவதும், பெரும்பாலும் தேவையில்லாமல் விரட்டுவதும் இதுதான்.

சாயங்காலம் வெயில் இறங்கிக் குளிர் ஏறும்போது ஐஸ் சுருங்கும், காலையில் விரியும். அப்போது ஏரியின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் பீரங்கி போல ஒரு முழக்கம் ஓடும். சில சமயம் "பியூ" என்று கீச்சிட்டு நீளும். கெட்டியான ஐஸ்தான் இப்படிக் கத்தும். காலடியில் மயிரிழை விரிசல் ஓடினாலும், அது வறண்டிருந்து, ஐஸ் தாழாமல், துளையில் தண்ணீர் ஏறாமல் இருந்தால் தூண்டிலைத் தொடருங்கள்.

கவனிக்க வேண்டிய சத்தம் வேறு. நீங்கள் அடியெடுத்து வைக்கும்போதெல்லாம் உங்களோடு சேர்ந்தே வருகிற சிறு முறிவுச் சத்தம். கூடவே காலடி மெல்லத் தாழ்வது போன்ற உணர்வு. இது இரண்டும் சேர்ந்தால் உடனே பக்கத்தில் இருப்பவரைவிட்டு விலகி, வந்த வழியே திரும்புங்கள். சந்தேகம் கூடினால் படுத்து உருண்டு வாருங்கள், எடை பரவும். சேர்ந்து நடக்கும் கூட்டத்தில் எப்போதும் ஐந்தாறு மீட்டர் இடைவெளி வேண்டும் என்பது இதற்காகத்தான்.

நிறுத்திய வண்டியைச் சுற்றி விரிசல் விழுந்தால் அதன் வடிவத்தைப் பாருங்கள். வண்டியிலிருந்து நாலாபக்கமும் கதிர் போலப் பிரிந்தால் எடை அதிகமாகிவிட்டது என்று பொருள். வண்டியைச் சுற்றி வட்டமாக விரிசல் போட்டுவிட்டால் ஐஸ் உடையும் தறுவாயில் இருக்கிறது. வண்டியை எடுக்கப் போகக் கூடாது. சாவி உள்ளே இருக்கிறது, போன் உள்ளே இருக்கிறது என்று எதற்காகவும் அந்த வட்டத்துக்குள் கால் வைக்கக் கூடாது. ஆட்களை விலக்கிவிட்டு அவசர எண்ணுக்குச் சொல்லுங்கள்.

வசந்தத்தில் ஐஸ் சத்தமே போடாது. அப்போதைய அமைதியை நம்ப வேண்டாம். மெத்தென்ற ஐஸுக்குக் கத்தத் தெம்பு இருப்பதில்லை.

## அறிகுறி: துளையில் தண்ணீர் மட்டம் சரியில்லை

எல்லாச் சோதனையிலும் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னால் நான் இதைத்தான் வைத்துக்கொள்வேன். காசு செலவில்லை, கருவி வேண்டாம், நாள் முழுக்கக் கண்ணெதிரே இருக்கும்.

மிதக்கிற ஐஸில் சுமார் பன்னிரண்டில் ஒரு பங்குதான் நீர்மட்டத்துக்கு மேலே நிற்கும். ஆக 30 செ.மீ. ஐஸில் துளை போட்டால் தண்ணீர், மேல்பரப்பிலிருந்து இரண்டரை செ.மீ. கீழே நிற்க வேண்டும். 12 செ.மீ. ஐஸில் ஒரு செ.மீ. கீழே. இதற்கு ஏறத்தாழ ஒத்திருந்தால் ஐஸ் தன் எடையைத் தவிர வேறு பாரம் இல்லாமல் மிதக்கிறது. துளையோரத்தில் ஒரு கீறல் போட்டு வைத்துக்கொண்டு அரை மணிக்கு ஒரு முறை பாருங்கள்.

தண்ணீர் துளையின் விளிம்பு வரை வந்துவிட்டது, வழியவில்லை. பெரும்பாலும் மேலே கிடக்கும் பனியின் பாரம். கூடாரத்தைச் சுற்றிப் பனியை வாரிக் குவித்திருந்தால் அதுவும் சேரும். தடிமனை மறுபடி அளந்து, போதுமானதாக இருந்தால் ஆட்களையும் சாமானையும் பிரித்து வையுங்கள். கூடாரங்களை ஒட்டிப் போட்டிருந்தால் தள்ளிப் போடுங்கள். மட்டம் கொஞ்சம் இறங்கினால் சரி.

துளை போட்டதுமே தண்ணீர் பீறிட்டு வழிந்தது, பிறகு நின்றுவிட்டது. பனி ஐஸை நீர்மட்டத்துக்குக் கீழே அமுக்கி வைத்திருந்தது, நீங்கள் வழி திறந்துவிட்டீர்கள். தடிமன் நன்றாக இருந்தால் ஆபத்து உடனடியாக இல்லை. ஆனால் வழிந்த தண்ணீரும் பாரம்தான், சுற்றியுள்ள பனி அதைக் குடித்துச் சகதியாகும். அதே இடத்தில் பத்துத் துளை போடுவதைத் தவிர்த்துவிட்டு, பனி குறைவாக உள்ள பக்கம் நகருங்கள்.

வந்தபோது சரியாக இருந்த மட்டம் நேரம் ஆக ஆக ஏறுகிறது. இதுதான் முக்கியமான கிளை. ஐஸ் ஒரே நொடியில் உடைவது மட்டுமல்ல, நிலையான பாரத்துக்கு மெல்ல வளைந்துகொண்டும் போகும். ஓடிப் போகும்போது தாங்கிய ஐஸ், அதே வண்டி நாலு மணி நேரம் நின்றால் தாங்காமல் போகலாம். நிறுத்திய வண்டிக்குப் பக்கத்தில் ஒரு துளை போட்டு வையுங்கள். தண்ணீர் விளிம்பைத் தொடும் முன்பே வண்டியை நகர்த்துங்கள். தொடாவிட்டாலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இடம் மாற்றுவது நல்லது. இரண்டு வண்டிகளை அருகருகே நிறுத்த வேண்டாம். தண்ணீர் வழிந்து டயரைச் சுற்றித் தேங்கிவிட்டதா? முந்தைய தலைப்பில் சொன்ன விரிசல் வடிவத்தைப் பாருங்கள், வட்டம் தெரிந்தால் வண்டியைக் கைகழுவிவிடுங்கள்.

தண்ணீர் ரொம்பக் கீழே நிற்கிறது, அல்லது தெரியவே இல்லை. 20 செ.மீ. ஐஸைத் துளைத்த பிறகு வெறும் காற்று! பார்க்க உலர்ந்து நன்றாக இருக்கும், ஆனால் எல்லாவற்றிலும் கெட்டது இதுதான். அடியில் தண்ணீர் இறங்கிவிட்டது. ஐஸ் தாங்கலின்றித் தொங்குகிறது. அணைக்கட்டி நீர் தேக்கும் ஏரிகளில் மதகு திறந்தால் கரையோரம் இப்படி ஆகும். மேலே சொன்ன அளவுகள் எல்லாம் மிதக்கும் ஐஸுக்கு உரியவை, தொங்கும் ஐஸுக்குச் செல்லாது. உடனே விலகுங்கள். நீர்த்தேக்கம் என்றால் போவதற்கு முன்பே நீர்மட்டம் மாற்றப்படுகிறதா என்று அதை நிர்வகிக்கும் அலுவலகத்தில் விசாரித்துக்கொள்ள வேண்டும்.

## அறிகுறி: பனிக்கு அடியில் கால் சகதியில் புதைகிறது

ஐஸின் தடிமனில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இறுகிய பனி கிடந்தால் தண்ணீர் விரிசல் வழியே மேலே வந்துவிடும். பனி போர்த்தியிருப்பதால் கடுங்குளிரிலும் அந்தச் சகதி உறையாது. மேலிருந்து பார்த்தால் வெள்ளைவெளேர் என்று இருக்கும். பின்னால் திரும்பிப் பார்த்தால் உங்கள் காலடித் தடம் மட்டும் சாம்பல் நிறமாக இருக்கும்.

முதலில் கடப்பாரையால் சகதிக்கு அடியில் குத்திப் பாருங்கள். கெட்டி ஐஸ் தட்டினால் இது உடைகிற பிரச்சினை அல்ல, நனைகிற பிரச்சினை. நனைந்த பூட்ஸோடு உறைபனியில் நிற்பது விரலுக்கு ஆபத்து. ஸ்னோமொபைல் என்றால் சகதியில் நிறுத்தினீர்களோ, போச்சு. சக்கரப்பட்டையோடு உறைந்து பிடித்துக்கொள்ளும். வேகத்தை விடாமல் ஓட்டிக் கடந்துவிடுங்கள். மாட்டிக்கொண்டால் வண்டியின் ஒரு பக்கத்தைத் தூக்கி அடியில் மரக்கிளையோ பலகையோ கொடுத்து, சகதியை வழித்துவிட்டு, மிதித்த பனியில் பாதை போட்டு எடுக்க வேண்டும். இருட்டுவதற்குள் முடியாது என்று தெரிந்தால் வண்டியை அங்கேயே விட்டு நடந்து வந்து, மறுநாள் ஆளோடு போவதுதான் மலிவு.

கடப்பாரைக்குக் கெட்டி ஐஸ் தட்டவில்லை என்றால் அது சகதியே அல்ல, உருகிய ஐஸ். திரும்புங்கள்.

## அறிகுறி: பெரிய விரிசல், மேடு, அல்லது இடைவெளி

வறண்ட விரிசல் என்றால் கடக்கலாம், ஆனால் நீளவாக்கில் அதன் மேலேயே நடக்காமல் குறுக்கே கடங்கள். தண்ணீர் கசியும் விரிசல் ஐஸை முழுவதுமாகப் பிளந்திருக்கிறது: அதன் விளிம்பு தாங்கும் எடையைப் பாதியாக எண்ணுங்கள். இரண்டு ஈர விரிசல்கள் சந்திக்கும் மூலை கால்வாசிதான் தாங்கும்.

இரண்டு ஐஸ் பாளங்கள் மோதி எழும்பிய மேட்டுக்கு ஓரத்தில் தண்ணீர் தேங்கி, பனி மூடியிருக்கும். காலையில் கடந்த இடம் காற்று திரும்பினால் மாலையில் திறந்திருக்கலாம். மேட்டைக் கடக்காமலேயே மீன் கிடைக்கிற இடம் இருந்தால் அங்கேயே உட்காருங்கள் என்பது என் கட்சி. கடந்துதான் ஆக வேண்டும் என்றால் அந்த ஏரியில் தினமும் போகிற வழிகாட்டியைக் கேட்டுவிட்டுக் கடங்கள், திரும்பும்போது மறுபடி கடப்பாரையால் சோதியுங்கள்.

பெரிய ஏரியில் கரையிலிருந்து உள்நோக்கிக் காற்று வீசும் நாளில், உங்களுக்கும் கரைக்கும் நடுவில் ஒரு விரிசல் அகன்றுகொண்டே போனால் நீங்கள் நிற்கும் பாளம் கழன்றுவிட்டது. சந்தேகமாக இருந்தால் போன் வரைபடத்தைப் பாருங்கள்: நீங்கள் உட்கார்ந்திருக்க, புள்ளி நகர்கிறதா? நகர்ந்தால் தாண்டவோ நீந்தவோ முயல வேண்டாம். உடனே அவசர எண்ணை அழைத்து இருப்பிடத்தைச் சொல்லுங்கள். பாளத்தின் நடுவுக்கு நகருங்கள், எல்லோரும் ஒரே இடத்தில் குவியாதீர்கள், பளிச்சென்ற நிறத்தில் இருக்கும் எதையாவது விரித்துப் போடுங்கள்.

## அறிகுறி: தடிமன் இருக்கிறது, ஆனால் ஐஸ் மெத்தென்று இருக்கிறது

குளிர்காலம் முடியும்போது வருவது. 40 செ.மீ. அளவுகோல் காட்டும், கடப்பாரை மூன்று குத்தில் உள்ளே போகும். வெயில் ஐஸை உள்ளிருந்தே செங்குத்தான குச்சிகளாகப் பிரித்துவிட்டது. குச்சிக்குக் குச்சி பிடிப்பே இல்லை. பெயர்த்த துண்டைத் தட்டினால் நீள நீளமாக உதிர்ந்தால் அதுதான். இந்தக் கட்டத்தில் தடிமன் கணக்கு எதுவும் உதவாது.

அதற்கு முந்தைய கட்டங்கள்: பகலில் மேல்பரப்பில் நின்ற தண்ணீர் காணாமல் போய் ஐஸ் வறண்டு வெளுத்திருந்தால், தண்ணீர் ஐஸைத் துளைத்து இறங்க ஆரம்பித்துவிட்டது. பழைய துளைகள் வழியே தண்ணீர் சுழன்று இறங்கி, கை நுழையும் துளை ஆள் நுழையும் துளையாகும். காற்றின் வெப்பம் ஒரு நாள் முழுக்க உறைநிலைக்கு மேலே இருந்தால் வண்டியை ஏற்ற வேண்டாம். இரவிலும் உறையாமல் இரண்டு மூன்று நாள் போனால் நடந்தும் போக வேண்டாம். விடிகாலையில் ஏறிப் பத்து மணிக்குள் இறங்கிவிடுகிற பழக்கம் சிலருக்கு உண்டு. ஏறும்போது இருந்த கரை இறங்கும்போது இருக்காது என்பதை அவர்கள் கணக்கில் எடுப்பதில்லை.

இதற்கு நேர்மாறாக, ஒரே இரவில் வெப்பநிலை தடாலென்று விழுந்தாலும் ஐஸ் முறுகி விரிசல் விடும். கனமான வண்டி என்றால் ஒரு நாள் பொறுங்கள்.

## அறிகுறி: கூடாரத்துக்குள் தலைவலி, குமட்டல்

ஐஸில் குறையில்லை, ஆனால் ஐஸ் மேல் உயிர் போகிற வழிகளில் இதுவும் ஒன்று. ஹீட்டர் எரியும் மூடிய கூடாரத்தில் கார்பன் மோனாக்சைடு சேர்கிறது, வாசனை இருக்காது. குளிரும் களைப்பும்தான் என்று நினைத்துத் தூங்கிவிடக் கூடாது. முதலில் வெளியே வாருங்கள், பிறகு ஹீட்டரை அணையுங்கள். வெளிக்காற்றில் தலைவலி குறைந்தால் காரணம் அதுதான். கூடாரத்தின் மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு காற்று வழிகளைப் பனி அடைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், பேட்டரியில் ஓடும் அலாரம் ஒன்று வையுங்கள். யாருக்காவது பேச்சுக் குழறினாலோ மயங்கினாலோ காத்திருக்காமல் அவசர உதவியை அழையுங்கள்.

## அறிகுறி: மீன்கள் துளைக்கு வந்து வாய் திறந்து மூடுகின்றன

அதிர்ஷ்டம் என்று நினைக்க வேண்டாம். ஆழம் குறைந்த ஏரியில் கனத்த பனி வெளிச்சத்தை மறைத்தால் செடிகள் மடிந்து தண்ணீரில் ஆக்சிஜன் குறையும். துளையிலிருந்து அழுகிய முட்டை வாடை வந்தால் உறுதி. பெரிய மீன்கள் முதலில் சாகும். மீன்வளத் துறைக்குத் தகவல் சொல்லிவிட்டு வேறு ஏரி பாருங்கள்.

## உடைந்து விழுந்துவிட்டால்

மானிட்டோபா பல்கலைக்கழகத்தின் கோர்டன் கீஸ்பிரெக்ட் பரப்பிய 1-10-1 என்ற கணக்கை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். முதல் 1 நிமிடம் மூச்சு வாங்கும். அதை அடக்குவதுதான் ஒரே வேலை, தலையை மேலே வைத்துக்கொண்டு. அடுத்த 10 நிமிடம் கை கால் உங்கள் சொல் கேட்கும். நினைவு தப்ப ஏறத்தாழ 1 மணி நேரம் ஆகும். அதாவது விழுந்தவுடன் செத்துவிட மாட்டீர்கள். அவசரப்பட்டுத் தண்ணீரைக் குடித்தால்தான் சாவு.

வந்த திசைக்குத் திரும்புங்கள், உங்களைத் தாங்கிய ஐஸ் அங்கேதான் இருக்கிறது. முழங்கைகளை ஐஸ் மேல் வைத்து உடையிலிருந்து தண்ணீர் வடிய விடுங்கள். கால்களை உதைத்து உடம்பைப் படுக்கைவாட்டாக்கி, மீட்பு ஊசிகளைக் குத்தி மாற்றி மாற்றி இழுத்து வெளியே ஏறுங்கள். எழுந்து நிற்காமல் உருண்டு விலகுங்கள். ஏற முடியவில்லை, கை சோர்கிறது என்றால் இரண்டு கைகளையும் ஐஸ் மேல் பரப்பி அசையாமல் இருங்கள். ஈரச் சட்டைக்கை ஐஸோடு உறைந்து ஒட்டிக்கொண்டால், நினைவு தப்பினாலும் உள்ளே நழுவ மாட்டீர்கள்.

பார்த்துக்கொண்டிருப்பவர் ஓடிப் போகக் கூடாது, இரண்டாவது ஆளும் விழுவார். அழைப்பு முதலில். பிறகு தூரத்திலிருந்தே பேச்சுக் கொடுத்து, கயிறோ நீளக் கம்போ ஏணியோ எட்டச் செய்யுங்கள். பக்கத்தில் போயே ஆக வேண்டும் என்றால் படுத்தபடி. வெளியே எடுத்தவரை ஈர உடை மாற்றிப் போர்த்துங்கள்; கை காலைத் தேய்க்க வேண்டாம், மது கொடுக்க வேண்டாம், "நல்லாத்தான் இருக்கேன்" என்று சொன்னாலும் மருத்துவரிடம் காட்டுங்கள்.

வண்டியோடு விழுந்தால் வரிசை இது: பெல்ட், ஜன்னல், குழந்தைகள், வெளியே. ஒரு நிமிடத்துக்குள். அதனால்தான் ஐஸ் மேல் ஓட்டும்போது பெல்ட்டைக் கழற்றி, ஜன்னலை இறக்கி, மணிக்கு 25 கிலோமீட்டருக்குள் போகச் சொல்கிறார்கள். வேகம் கூடினால் வண்டிக்கு அடியில் தண்ணீர் அலையாகத் திரண்டு, கரையில் மோதித் திரும்பி, ஐஸைக் கீழிருந்து உடைக்கும்; கரையை நெருங்கும்போது இன்னும் மெதுவாக.

மூழ்கிய வண்டியைக் கயிறு கட்டி நீங்களே இழுக்கப் பார்க்காதீர்கள். அதற்கென்றே வண்டியைத் தூக்கும் முக்காலிச் சட்டமும் முங்குபவர்களும் வைத்திருக்கும் ஆட்கள் இருக்கிறார்கள். எண்ணெய் கசிவதால் பல இடங்களில் அதிகாரிகளுக்கு அறிவித்து, கெடுவுக்குள் எடுக்க வேண்டும் என்று சட்டமும் உண்டு. செலவு வண்டியின் மதிப்பைத் தாண்டிவிடலாம், காப்பீடு இதை ஏற்குமா என்பதைக் குளிர்காலம் தொடங்கும் முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.